தச்சனும் தாலாட்டும்

1957 ஏப்ரல் 15 அன்று, மெக்சிகோவின் மெரிதா நகரில் விமானமொன்று வீழ்ந்து எரிந்தது. நாடே விம்மி அழுதது. அதைச் செலுத்திச் சென்றோருள் ஒருவராக, 39 வயதிலேயே மாண்டவர் பெட்ரோ இன்பான்டே. பாடகர், நடிகர், பாட்டாளிகளின் பாசத்துக்குரியவர்! இளமையில் தச்சுத்தொழில் செய்த கை அவருடையது. பின்னர் ஏறத்தாழ 60 படங்களில் நடித்தார். 300க்கு மேற்பட்ட பாடல்களை இசைத்தட்டில் பதித்தார்.

அவர் புகழின் உச்சி, இஸ்மயேல் ரோட்ரிகஸ் இயக்கி 1948இல் வெளிவந்த 'ஏழைகளாகிய நாங்கள்'. பண்ணையிலே குதிரையேறிப் பாடுபவனே பெரிதும் நாயகனாக உலவிய அந்நாட்டுத் திரையில், நெரிசல் மிகுந்த குடியிருப்பில் வாழும் தச்சன் பெப்பே தலைவனானான்! இழைப்புளி ஏந்தியவன் இதயங்களை ஆண்டான். இந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை; மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், படம் புகட்டும் பாடம் யாது? செய்யாத கொலைக்காகப் பெப்பே சிறை புகுகிறான். அவனை மீட்டது எது? நீதிமன்றத்தின் நேர்மையா? அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி எழுப்பிய உரிமைக்குரலா? இரண்டுமில்லை! சிறைக்குள்ளேயே உண்மைக் கொலைகாரனோடு பொருது, குற்றத்தை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்கிறான். கைவலிமை காத்தது, சரி. வலிமையற்ற நிரபராதியின் கதி என்ன? படம் கேட்கவில்லை. பார்ப்போரையும் கேட்கவிடாமல் கண்ணீர் மறைக்கிறது.

அதே ஆண்டில் அதன் தொடர்ச்சியாக வந்தது 'பணக்காரர்களாகிய நீங்கள்'. முடிவில் செல்வச் சீமாட்டி ஏழைகளின் வாயிலுக்கு வந்து அன்பை யாசிக்கிறாள். அவர்களும் அணைத்துக் கொள்கின்றனர். செல்வருக்குப் பணம், ஏழைக்குப் பாசம்! பங்கீடு முடிந்தது, படமும் முடிந்தது. செல்வம் எப்படிக் குவிந்தது, வறுமை ஏன் விளைந்தது என்ற வினா எழவேயில்லை. விழித்தெழ வேண்டியவனை உறங்கவைக்கும் தாலாட்டு அன்றோ இது? இன்பான்டேயின் குரலில் பாசாங்கில்லை. அதனாலேயே தாலாட்டு வலிமை பெற்றது!

அவர் இறக்கவில்லை, எங்கோ மறைந்து வாழ்கிறார் என்று பல்லாண்டுகள் நம்பியோரும் உண்டு. ஏப்ரல் 15 தோறும் மெக்சிகோ நகரிலுள்ள அவர் கல்லறையில் கூடிப் பாடுகின்றனர். நன்றியோடு கூடுவதை நாம் நகையோம். மனிதரைச் சாகாதவராக்குவதை ஏற்கோம்.

பெட்ரோ மறைந்தார். பெப்பேக்கள் இன்னும் மரம் இழைத்துக்கொண்டுதான் இருக்கின்றனர். கல்லறையில் பாட்டு ஓய்ந்தபின், அவர்களுக்கு நீதி எங்கே என்று கேட்போம். அந்தத் தச்சனுக்குத் தகுந்த நினைவுச்சின்னம் அதுவே!