500 அடி போதுமா?

விசைப்படகு கடந்து சென்ற சிறிது நேரத்தில் கரையில் வந்து மோதும் அலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க ஏரிகளில் இந்த அலையே ஒரு வழக்காகிவிட்டது. அங்கே படகின் தொட்டிகளில் நீரை நிரப்பி, பின்புறத்தை அமிழ்த்தி, மணிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. வேகத்தில் ஓட்டி, வேண்டுமென்றே பேரலை எழுப்புகிறார்கள். அதன்மேல் பலகையில் நின்று சறுக்குவது ஒரு விளையாட்டு.

கரை அரிக்கப்படுகிறது என்ற முறையீடுகளுக்குப் பின், வெர்மான்ட் மாநிலம் 2024-இல் ஒரு விதி வகுத்தது. கரையிலிருந்து 500 அடி தள்ளி, 20 அடியாவது ஆழமுள்ள நீரில், அத்தகைய பரப்பு தொடர்ச்சியாக 50 ஏக்கராவது உள்ள ஏரிகளில்தான் இதை ஆடலாம். இவ்விதியை இயற்பியல் கொண்டு எடைபோடுவோம்.

ஆழம் பற்றிய பகுதி சரியே. சுழலி தள்ளும் நீரோட்டம் ஆழமற்ற இடத்தில் அடிச்சேற்றைக் கிளறும். அதிலுள்ள பாஸ்பரஸ் நீரில் கலந்தால் பாசி பெருகும்.

தூரம் பற்றிய பகுதியில்தான் குறை இருக்கிறது. படகின் அலைகள் இருபுறமும் ஏறத்தாழ 19½ பாகைக்குள் அடங்கும் என்று 1887-இல் கெல்வின் காட்டினார். அந்த விளிம்பில் ஓடும் அலையின் உயரம், ஆழ்நீரில், தூரத்தின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறது. 200 அடியில் உயரம் 10 அங்குலம் என்றால், 500 அடியில் 7.4 அங்குலம். அலையின் ஆற்றலோ உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஆற்றலில் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது! 1000 அடி போனாலும் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 2022-ஆம் ஆண்டு ஆய்வும் 500 அடியைப் பரிந்துரைத்தது. ஆனால் அது கூறியது என்ன? சாதாரணப் படகு 200 அடியில் தரும் அலையளவுக்கு இந்த அலை தணிய அவ்வளவு தூரமாவது வேண்டும் என்பதே. இது ஒப்பீடு, கரைக்குத் தீங்கில்லை என்பதற்குச் சான்று அன்று.

"காற்றும் அலை எழுப்புகிறதே?" என்று கேட்கலாம். காற்றலை வளர நீண்ட திறந்த நீர்ப்பரப்பு தேவை. பேரேரியில் அவ்வாதம் பொருந்தும். குன்றுகள் சூழ்ந்த சிற்றேரியின் கரையோ பேரலைக்குப் பழகாதது.

விதி அலை கடக்கும் தூரத்தை அளக்கிறது. அது பிறக்கும் உயரத்துக்கு வரம்பிடவில்லை. தொட்டி நீரைக் குறைத்து அலையின் உயரத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால்பங்காகும். இதே பயனைத் தூரத்தால் பெற எட்டு மடங்கு விலக வேண்டும். சிற்றேரியில் அதற்கு இடம் ஏது?