லைப்ரரி காணவில்லை: எந்தத் தீர்வு நிற்கும்?

விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் 2008 முதல் நடக்கின்றன. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்காவும் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு செயலி எழுதத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. எழுதியதை ஐந்து வருடம் கழித்துத் திறந்தால்தான் சிக்கல். சிவப்பு எழுத்தில் 'குட் நாட் ஃபைண்ட்' என்று வரும். செயலி நம்பியிருந்த ஏதோ ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்று பொருள். அதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல.

ஓடிக்கொண்டிருக்கும் செயலியை ஏன் திறக்க வேண்டும்? கூகுள் பிளே சும்மா இருக்க விடாது. 2024 ஆகஸ்ட் 31 முதல் அப்டேட் போடுபவர்கள் ஏபிஐ 34-க்கு ஏற்பவும், 2025 ஆகஸ்ட் 31 முதல் 35-க்கு ஏற்பவும் செயலியை உயர்த்தியாக வேண்டும் என்றது. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கு 2019-ல் ஒருவர் செயலி செய்து கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றக் கேட்டாலும் அவர் புதிய ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, புதிய கிரேடில் பில்ட் கருவி என்று எல்லாவற்றையும் ஏற்ற வேண்டிவரும். அதற்குள் லைப்ரரிகள் இருந்த இடமே போயிருக்கும். அந்நாளில் புதுத் திட்டம் தொடங்கினால், லைப்ரரிகளை எடுக்க ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானாகவே எழுதிவைத்த முகவரி ஜேசென்டர். அதை மூடப்போவதாக ஜேஃப்ராக் நிறுவனம் 2021 பிப்ரவரி 3 அன்று அறிவித்தது. பிறகு பழையதைப் படிக்க மட்டும் விட்டுவைத்து, 2024 ஆகஸ்டில் கோரிக்கைகளை மேவன் சென்ட்ரல் என்ற மற்றொரு களஞ்சியத்துக்குத் திருப்பிவிட்டது. அங்கே இல்லாத லைப்ரரி இனி இந்த வழியில் வராது.

எல்லோரும் முதலில் செய்வது 'கிளீன்', அடுத்து 'இன்வாலிடேட் கேஷஸ்'. இரண்டும் இந்த நோய்க்கு மருந்தல்ல. பின்னது ஸ்டுடியோ தனக்காக வைத்திருக்கும் குறிப்புகளைத்தான் அழிக்கும். சிலர் இன்னும் ஒரு படி போய், பயனர் கோப்புறையில் இருக்கும் '.கிரேடில்' கோப்புறையையே அழித்துவிடுகிறார்கள். எப்போதோ இறக்கிய லைப்ரரியின் கடைசிப் பிரதி அதற்குள்தான் இருந்திருக்கலாம்.

இரண்டாவது வழி, புதிய முகவரி சேர்ப்பது. கல்லூரி புராஜெக்டுகளில் வரைபடம் போட அதிகம் எடுக்கும் எம்பி ஆண்ட்ராய்டு சார்ட் லைப்ரரி ஜிட்பேக் என்ற தளத்திலிருந்து வருகிறது. பழைய வீடியோக்கள் ஜிட்பேக் முகவரியை 'பில்ட்.கிரேடில்' கோப்பில் எழுதச் சொல்லும். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஆர்க்டிக் ஃபாக்ஸ் பதிப்பு தொடங்கி, புதுத் திட்டங்களில் அது 'செட்டிங்ஸ்.கிரேடில்' கோப்புக்கு மாறிவிட்டது. லைப்ரரி இருக்கிறது, தேடச் சொன்ன இடம்தான் தவறு. இதைக் கண்டுபிடிக்கத் தனித்திறமை தேவையில்லை: எரர் செய்தியின் கீழேயே எந்தெந்த முகவரிகளில் தேடினேன் என்று கிரேடில் வரிசையாக எழுதிக் காட்டுகிறது. அந்தப் பட்டியலில் ஜிட்பேக் இல்லையென்றால் நாம் சொல்லவில்லை. இருந்தும் கிடைக்கவில்லையென்றால் பெயரோ பதிப்பு எண்ணோ தவறு, அல்லது லைப்ரரி உண்மையிலேயே அங்கு இல்லை. முதல் சிவப்பு வரியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் இந்த வழி ஒரு கெட்ட பழக்கமாகவும் மாறும். கிடைத்த முகவரிகளையெல்லாம் சேர்த்துவைத்தால் ஏதாவது ஒன்றில் அகப்படும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. கைவிடப்பட்ட லைப்ரரியின் காலாவதியான இணையப் பெயரை வேறொருவர் வாங்கி, அதே பெயரில் தன் சரக்கை ஏற்ற முடியும் என்று ஓவர்செக்யூர்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2024 ஜனவரியில் எச்சரித்தது. எரர் மறைந்துவிட்டது என்பதற்காக வந்து சேர்ந்தது அசல் சரக்குதான் என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, நண்பரின் பென்டிரைவிலிருந்து ஜார் அல்லது ஏஏஆர் கோப்பை எடுத்து 'லிப்ஸ்' கோப்புறையில் போடுவது. பெரிய நிறுவனத்துக்காரர்கள் இதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை. பிரதியைத் தன் கையில் வைத்துக்கொள்கிறவர், அடுத்தவர் சர்வரை மூடினாலும் நடுத்தெருவில் நிற்க மாட்டார். குறை வேறிடத்தில் இருக்கிறது: தனி ஏஏஆர் கோப்பு, தனக்கு வேண்டிய மற்ற லைப்ரரிகளின் பட்டியலைக் கூட்டிக்கொண்டு வராது. பில்ட் வெற்றி என்று காட்டும். வாடிக்கையாளர் பொத்தானைத் தொட்டதும் செயலி விழும். பட்டியல் இருக்கும் பிஓஎம் கோப்பையும் சேர்த்து, திட்டத்துக்குள்ளேயே மேவன் அமைப்பில் ஒரு கோப்புறை வைத்து அதை முகவரியாகக் கொடுத்தால் இந்தக் குறை தீரும். கோப்பு மாறவில்லையா என்று செக்சம் பார்க்கும் வசதியும் கிரேடில் 6.2 முதல் இருக்கிறது.

அதற்கும் எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு 15-க்கு, அதாவது ஏபிஐ 35-க்கு, உயர்த்தும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்கத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் வந்தது. சி, சி++ பகுதிகள் அடங்கிய பழைய ஏஏஆர் பெரும்பாலும் இதில் தோற்கும். அப்போது நான்காவது வழியைத் தவிர வேறு கதியில்லை: யாராவது இன்றும் பராமரிக்கும் மாற்று லைப்ரரிக்குப் போவது. இது மெனக்கெடும் வேலை. பேக்கேஜ் பெயர் மாறும், அழைக்கும் முறை மாறும், நிரலை வரிவரியாகத் திருத்த வேண்டும்.

என் தீர்ப்பு இது. கல்லூரி புராஜெக்டுக்கு இரண்டாவது வழி போதும். தெரிந்த முகவரிகள் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். காசு வாங்கிச் செய்து கொடுத்த செயலிக்கு நான்காவதுதான் சரி. மூன்றாவதை அதுவரைக்குமான தற்காலிக ஏற்பாடாக, பிஓஎம் கோப்போடு வைத்துக்கொள்ளலாம். முதலாவதை மறந்துவிடலாம். பழைய லேப்டாப்பை ஃபார்மட் செய்யப்போகிறவர்கள் மட்டும், அதற்கு முன் அந்த '.கிரேடில்' கோப்புறையை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.