காசு கட்டி வாங்கும் அனுபவம்

இன்டர்ன்ஷிப் இல்லாத ரெஸ்யூமே இன்று அரிது. 2018இல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ தன் மாதிரிப் பாடத்திட்டத்துக்குள் அதைக் கொண்டுவந்தபின், கல்லூரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும், மாணவருக்கு கிரெடிட் வேண்டும். நடுவில் சிலர் கடை விரித்துவிட்டார்கள். இரண்டு வாரம் ஆன்லைன் வகுப்பு, கட்டணம் முன்கூட்டியே, முடிவில் கியூஆர் கோடு போட்ட சர்டிபிகேட். ‘வெற்றிகரமாக முடித்தார்’ என்று அதில் இருக்கும். எதை முடித்தார் என்று இருக்காது.

ஆளெடுப்பு குறைந்த நேரத்தில் இந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு? எல்லோர் கையிலும் இருப்பதை எந்த எச்ஆரும் நின்று படிப்பதில்லை. ‘நீ எழுதிய கோடில் என்ன தப்பு வந்தது, யார் கண்டுபிடித்தார்?’ என்று கேட்டால் நிஜமாக வேலை பார்த்தவர் பத்து நிமிடம் பேசுவார், மற்றவர் முழிப்பார்.

ஆனால் இன்டர்ன்ஷிப்பே வெற்று வேலை என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆறு மாதம் டீமோடு உட்கார்ந்தவரின் லட்சணம் கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். ஒரு மணி நேர இன்டர்வியூவில் அது பிடிபடாது. ஆகவே இடம் சுருங்கச் சுருங்க, புதியவரைத் தேடுவதைவிட உள்ளே இருப்பவருக்கே ஆஃபர் கொடுப்பது அவர்களுக்கு லாபம். சிக்கல், அந்த நாற்காலி யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான். ‘அனுபவம்தான் சம்பளம்’ என்ற பேச்சு, ஹாஸ்டல் செலவுக்கு அப்பா பணம் அனுப்பும் பிள்ளைக்குத்தான் செல்லும்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமே சாட்சி. ஐந்தாண்டில் ஒரு கோடிப் பேர், முன்னணி 500 நிறுவனங்கள், மாதம் ரூ.5,000 என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முதல் சுற்றில் 82,000க்கு மேல் ஆஃபர் போனது. ஏற்றவர்கள் ஏறக்குறைய 28,000 பேர். சேர்ந்தவர்கள் 8,700 சொச்சம். இளைஞர்களுக்குச் சோம்பல் என்று இதற்குக் காரணம் சொல்வது சுலபம். ஸ்ரீபெரும்புதூரில் அறை வாடகையும் மெஸ் காசும் போக ஐயாயிரத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? பன்னிரண்டு மாதம் முடிந்தபின் வேலைக்கும் உத்தரவாதம் இருக்கவில்லை. வராதவர்கள் கணக்குப் போட்டுத்தான் வரவில்லை என்பேன்.

1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் இதைவிடப் பழையது, ஆனால் உறுதியானது: எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, குறைந்தபட்ச ஸ்டைபண்டும் உண்டு. அப்ரண்டிஸைத் தொழிலாளி என்று அது கணக்கில் எடுக்காது. அந்த ஓட்டையில் மலிவு உழைப்பு நுழைவதும் தெரிந்ததே. இருந்தும் பாலிடெக்னிக், கலைக்கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டும் வழி அப்ரண்டிஸ் பயிற்சிதான்.

மாணவர் காசு கட்டும் இன்டர்ன்ஷிப்பைக் கல்லூரிகள் கிரெடிட் கணக்கிலிருந்தே நீக்க வேண்டும். சம்பளமில்லாதது உள்ளூரில், சில வாரங்களுக்கு என்றால் போகலாம். ஸ்டைபண்டோடு நாலைந்து மாதம், வேலையைப் பார்த்துத் திருத்த ஒரு சீனியர் என்றால், கொஞ்சம் மார்க் போனாலும் விடக்கூடாது. சேருமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: போன வருடம் வந்தவர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீர்கள்?