லைட்ஹவுஸ்: வட்டத்தை விடுங்கள், பட்டியலைப் படியுங்கள்

இணையதளம் வடிவமைத்துத் தருகிறவர்களின் விளம்பரங்களில் நான்கு பச்சை வட்டங்களை அடிக்கடி பார்க்கலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் 100 என்ற எண். வாடிக்கையாளர்களும் அந்த எண்ணையே கேட்கப் பழகிவிட்டார்கள். அந்த வட்டங்களைப் போடுவது லைட்ஹவுஸ். கூகுள் 2016இல் வெளியிட்ட இலவச, திறமூலக் கருவி இது. மறு ஆண்டே குரோம் உலாவியின் டெவ்டூல்ஸுக்குள் இடம்பிடித்துவிட்டது. கணினியில் குரோமைத் திறந்து, எஃப்12 விசையைத் தட்டி, லைட்ஹவுஸ் தாவலுக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சற்று நேரத்தில் வேகம், அணுகல்தன்மை, நல்ல நடைமுறைகள், எஸ்இஓ என நான்கு தலைப்புகளில் அறிக்கை வந்துவிடும். அன்றாட வெப் வேலையில் இந்த அளவுக்கு உழைக்கும் இலவசக் கருவிகள் குறைவு. ஆனால், அறிக்கையின் உச்சியில் உள்ள மதிப்பெண்தான் அதில் மிகவும் பயன் குறைந்த பகுதி. கருவியின் மதிப்பு முழுவதும் அதற்குக் கீழே நீளும் பட்டியலில் இருக்கிறது.

முதலில், வேகத்துக்கான எண் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். மொபைல் சோதனையைத் தேர்ந்தெடுத்தால், லைட்ஹவுஸ் உங்கள் கணினியை ஒரு சுமாரான கைபேசியாகப் பாவித்துக்கொள்கிறது. பிராசஸரின் வேகத்தை நான்கில் ஒரு பங்காகவும், இணைய வேகத்தை நொடிக்கு 1.6 மெகாபிட்டாகவும், தரவு ஒருமுறை போய்வரும் தாமதத்தை 150 மில்லிநொடியாகவும் வைத்துக் கணக்கிடுகிறது. பிறகு ஐந்து அளவீடுகளை எடுக்கிறது. முதல் எழுத்தோ படமோ திரையில் தோன்றும் நேரத்துக்கு 10 சதவீதம், பக்கம் கண்ணுக்கு நிரம்பும் வேகத்துக்கு 10, திரையின் மிகப்பெரிய உள்ளடக்கம் வந்து சேரும் நேரமான எல்சிபிக்கு 25, ஸ்கிரிப்டுகள் உலாவியை முடக்கிவைக்கும் மொத்த நேரமான டிபிடிக்கு 30, ஏற்றும்போது பக்கம் குதிக்கும் அளவான சிஎல்எஸ்ஸுக்கு 25. பக்கத்தின் வேகம் என்று நாம் ஒற்றைச் சொல்லில் குறிப்பது, உண்மையில் வெவ்வேறு காரணங்களால் கெடும் ஐந்து விஷயங்கள். இரண்டு தளங்கள் 70 வாங்கியிருந்தால், ஒன்றில் கனத்த படம் குற்றவாளியாக இருக்கலாம், மற்றொன்றில் விளம்பர ஸ்கிரிப்ட். எண் ஒன்றே, மருந்து வேறு.

அந்த எண்ணும் நிலையாக நிற்பதில்லை. ஒரே பக்கத்தை, ஒரு வரியும் மாற்றாமல் அடுத்தடுத்து ஓட்டினாலும் மதிப்பெண் ஏறி இறங்கும். சர்வரின் பதில் நேரம், அந்தச் சமயத்தில் வந்த விளம்பரம், பின்னணியில் ஓடும் மென்பொருள், உலாவியில் நிறுவிய எக்ஸ்டென்ஷன் எல்லாமே அதில் கைவைக்கின்றன. எனவே இன்காக்னிட்டோ சாளரத்தில் ஓட்டுவது நல்லது. ஐந்து முறை ஓட்டி இடைநிலை மதிப்பை எடுத்தால், ஒரே முறை ஓட்டியதைவிட இரு மடங்கு நம்பகமாக இருக்கும் என்று லைட்ஹவுஸின் ஆவணமே சொல்கிறது. மதிப்பெண் வளைகோடும் நேர்க்கோடல்ல: 99இலிருந்து 100க்குப் போகத் தேவையான உழைப்பு, 90இலிருந்து 94க்குப் போகத் தேவையான உழைப்புக்கு ஏறக்குறையச் சமம். 90ஐத் தொட்டாலே வட்டம் பச்சையாகிவிடுகிறது என்பதால், அதற்கு மேல் துரத்துவது பெரும்பாலும் விளம்பரப் படத்துக்காகத்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டெஸ்க்டாப் சோதனையில் பிராசஸரை மெதுவாக்குவதில்லை, இணைய வேகமும் நொடிக்கு 10 மெகாபிட். மொபைலில் 55 வாங்கும் பக்கம் டெஸ்க்டாப்பில் பச்சையைத் தொட்டுவிட முடியும். எந்தச் சோதனை என்று சொல்லாமல் காட்டப்படும் 100க்குப் பொருளே இல்லை.

இதைவிடப் பெரிய குறை, சாதாரண சோதனையில் லைட்ஹவுஸ் பக்கத்தை ஏற்றிப் பார்க்கிறதே தவிர, எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. தட்டியதற்குப் பக்கம் எவ்வளவு விரைவில் பதில் சொல்கிறது என்பதை அளக்கும் ஐஎன்பி, 2024 மார்ச்சில் கூகுளின் மூன்று முதன்மை அளவீடுகளில் ஒன்றாகிவிட்டது. ஏற்றுவதை மட்டும் பார்க்கும் சோதனையில் அது கிடைக்காது. டிபிடி அதற்குப் பதிலியாக நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் குறுக்குவழி நுழைகிறது. பயனர் திரையைத் தொடும்வரை எல்லா ஜாவாஸ்கிரிப்டையும் நிறுத்திவைக்கும் வசதி, வேகம் கூட்டும் பல பிளகின்களில் இருக்கிறது. சோதனை எதையும் தொடாததால் ஸ்கிரிப்டுகள் ஓடவே ஓடாது. மதிப்பெண் துள்ளி எழும். உண்மையான வாசகர் மெனுவைத் தட்டும் கணத்தில் அத்தனையும் ஒன்றாக இறங்கி, அந்த முதல் தட்டல் திணறும். அளவுகோலுக்கு அழகாகவும் ஆளுக்கு மோசமாகவும் ஒரு தளத்தைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

அணுகல்தன்மைப் பிரிவில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. மானுவேல் மத்துசோவிச் என்ற வெப் வல்லுநர் 2019இல், வேண்டுமென்றே யாராலும் பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தைச் செய்து, அது அணுகல்தன்மையில் லைட்ஹவுஸிடம் 100 வாங்குவதைக் காட்டினார். காரணம் எளிது. படத்துக்கு ஆல்ட் விவரிப்பு இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். அந்த விவரிப்புக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்காது. தமிழ்த் தளங்களில் இதை அன்றாடம் காணலாம். ஆங்கில டெம்பிளேட்டை எடுத்து உள்ளடக்கத்தை மட்டும் தமிழாக்கியிருப்பார்கள். பக்கத்தின் மொழிக் குறிப்பு ஆங்கிலமாகவே கிடக்கும். குறிப்பு இருக்கிறது, அது செல்லுபடியாகும் மொழி, ஆகவே லைட்ஹவுஸ் தேர்ச்சி தந்துவிடும். எந்த மொழிக் குரலில் படிப்பது என்று தீர்மானிக்கத் திரைவாசிப்பான் அந்தக் குறிப்பைத்தான் பார்க்கிறது. தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்துவிடக்கூடும். எழுத்துருவிலும் ஒரு கண்ணி உண்டு. மொபைல் சோதனையில் கணினி கைபேசியாக நடிக்கிறதே தவிர, அதிலுள்ள எழுத்துருக்கள் மாறுவதில்லை. விண்டோஸில் வெப் எழுத்துரு வந்து சேரும்வரை தமிழ் நிர்மலா யூஐயில் தெரியும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோவில் தெரியும். இரண்டின் அகலமும் வேறு. ஆகவே எழுத்துரு மாறும்போது வரிகள் உடைந்து பக்கம் குதிக்கும் அளவும் வேறு. கணினியில் வந்த சிஎல்எஸ்ஸை நம்பாமல், கைபேசியிலும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவதே பத்திரம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தக் கருவியைப் பரிந்துரைக்கக் காரணம், மதிப்பெண்ணுக்குக் கீழே அது தரும் துல்லியமான வேலைப் பட்டியல். எல்சிபி எந்தப் படம் அல்லது பத்தி என்று பெயர் சொல்லிக் காட்டுகிறது. அந்த முகப்புப் படத்துக்கே லேசி லோடிங் போட்டுத் தாமதமாக்கியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்துக்கொடுக்கிறது. அதை நீக்கி, படத்துக்கு உயர் முன்னுரிமை தந்தால் எல்சிபி இறங்கும். அகல, உயர அளவு குறிக்காத படங்களைத் தனியே காட்டுகிறது. அந்த இரண்டு எண்களை எழுதிவிட்டாலே பக்கம் குதிப்பது பெருமளவு அடங்கும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறைந்தால், எந்த வரியில் என்று சுட்டுகிறது. இறக்கிய ஜாவாஸ்கிரிப்டில் எவ்வளவு பயன்படாமல் கிடக்கிறது என்பதை ட்ரீமேப் கட்டங்களாக வரைந்து காட்டுகிறது. பலரும் தொடாத இரண்டு முறைகளும் இதில் உண்டு. டைம்ஸ்பான் முறையில் பதிவைத் தொடங்கி, நீங்களே மெனுவைத் திறந்து படிவத்தை நிரப்பினால், அந்த நேரத்தின் ஐஎன்பி கிடைக்கும். ஸ்னாப்ஷாட் முறை, திறந்த பாப்அப் போன்ற ஒரு நிலையை அப்படியே நிறுத்திவைத்து ஆராயும். மேலே சொன்ன பிளகின் தந்திரம் டைம்ஸ்பானில் வெளிப்பட்டுவிடும்.

மதிப்பெண் இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடம் எதைக் காட்டுவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், துணிக்கடை உரிமையாளரிடம் டிபிடியை விளக்க முடியாது. ஆனால் "உங்கள் முகப்புப் படம் ஐந்து நொடிக்குப் பிறகுதான் வருகிறது, அதை இரண்டரைக்குக் கொண்டுவருகிறோம்" என்பது அவருக்கு 62, 91 என்ற எண்களைவிட நன்றாகவே புரியும். கூகுள் தேடலில் மேலே வர இந்த மதிப்பெண் வேண்டும் என்பது அடுத்த வாதம். இது பரவலான தவறான புரிதல். 2021இல் தேடல் தரவரிசைக்குள் வந்தவை முதன்மை வெப் அளவீடுகள். அவை எடுக்கப்படுவது உண்மையான குரோம் பயனர்களிடமிருந்து, 28 நாள் தொகுப்பாக. நான்கில் மூன்று பங்கு வருகைகளில் எல்சிபி 2.5 நொடிக்குள்ளும், ஐஎன்பி 200 மில்லிநொடிக்குள்ளும், சிஎல்எஸ் 0.1க்குள்ளும் இருந்தால் நல்லது என்று கணக்கு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் முகவரியைத் தந்தால் மேல்பகுதியில் இந்தக் களத் தரவும், கீழே லைட்ஹவுஸ் மதிப்பெண்ணும் வரும்; தேடலுக்குப் பொருள்படுவது மேல்பகுதி. வருகை குறைந்த சிறு தளங்களுக்கு அந்தத் தரவு சேராமல் போவதுண்டு என்பது உண்மை. அங்கேயும் தேவைப்படுவது தனித்தனி அளவீடுகளே. மொத்த மதிப்பெண் அல்ல. புதிதாகக் கற்கிறவரை ஓர் எண் ஊக்கப்படுத்தும் என்பது மூன்றாவது வாதம். ஊக்கப்படுத்தட்டும், 60இலிருந்து 90க்கு ஏறும் வழியில் அவர் படங்களையும் ஸ்கிரிப்டுகளையும் பற்றி நிறையக் கற்றுக்கொள்வார். 90ஐத் தாண்டிய பிறகும் எண்ணையே துரத்தினால், கற்பது குறைந்து தந்திரம் கூடும்.

ஆகவே தீர்ப்பு இது. தளம் செய்கிறவர் ஒவ்வொருவரும் தினமும் திறக்க வேண்டிய கருவி லைட்ஹவுஸ். ஆனால் அது பரிசோதகர்தான், நீதிபதி அல்ல. தளம் செய்யச் சொல்கிறவர்கள் ஒப்பந்தத்தில் "லைட்ஹவுஸில் 90" என்று எழுதுவதை நிறுத்திவிட்டு நான்கு வரி எழுதிக்கொள்ளலாம்: மொபைல் சோதனையை ஐந்து முறை ஓட்டி, இடைநிலை எல்சிபி 2.5 நொடிக்குள்; மெனுவையும் படிவத்தையும் டைம்ஸ்பானில் சோதித்து, ஐஎன்பி 200 மில்லிநொடிக்குள்; பக்கத்தின் மொழிக் குறிப்பு தமிழ்; மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் தளத்தின் எல்லா வேலைகளையும் முடிக்க முடிய வேண்டும். கடைசி வரியை எந்தக் கருவியும் உங்களுக்காக முழுமையாகச் சோதித்துத் தராது. தளத்தைக் கைமாற்றும் முன் யாராவது ஒருவர் உட்கார்ந்து செய்து பார்த்தாக வேண்டும்.