சட்டைப் பையில் இருப்பது கணிப்பொறிதானா?

வாசகரே, உங்கள் ஸ்மார்ட்போன் ஒரு கணிப்பொறிதானா? "இதில் என்ன ஐயம்?" என்பீர்கள். அந்த விடையைச் சற்று உரசிப் பார்ப்போம்.

1980-இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் பிசி-1211 என்ற கருவியை வெளியிட்டது. அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் அது 'பாக்கெட் கம்ப்யூட்டர்' என்றே விற்பனையாயிற்று. எடை 170 கிராம். திரையில் ஒரே வரி. அதில் 24 எழுத்துகள். நினைவகத்தில் 1,424 நிரல் படிகளே அடங்கும். படிக்கு ஒரு பைட் எனக் கொண்டால், 8 ஜிகாபைட் நினைவகமுள்ள இன்றைய போன் அதைவிட 50 லட்சம் மடங்குக்கு மேல் பெரியது!

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அச்சிறு கருவியை இயக்கியதும் திரையில் ஒரு குறி தோன்றும். உங்கள் கட்டளைக்காக அது காத்திருக்கும். தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிட பேசிக் மொழியில் நாலைந்து வரிகள் போதும். நீளம் 1 மீட்டர் என்றால் 2.01 விநாடி என விடை வரும். நிரல் உங்களுடையது, பிழை வந்தால் அதுவும் உங்களுடையதே.

ஸ்மார்ட்போன் அப்படி வரவேற்பதில்லை. பிறர் எழுதிய செயலிகளை வரிசையாகக் காட்டுகிறது. 2009-இல் கமடோர் 64 என்ற பழைய கணிப்பொறியைப் போல இயங்கும் ஒரு செயலியை ஆப்பிள் தன் கடையிலிருந்து நீக்கியது. அதனுள் மறைந்திருந்த பேசிக் மொழியில் பயனர் நிரல் எழுத முடிந்ததே காரணம்! பின்னர் அவ்விதி தளர்ந்தது.

போனைப் பழிப்பது என் நோக்கமன்று. முடுக்கமானி, காந்தமானி, தொலைத்தொடர்பு ஆகியவை பிசி-1211-இல் ஏது? இன்று போனிலேயே பைத்தான் மொழியில் நிரல் எழுதவும் செயலிகள் உண்டு. எனவே குறை ஆற்றலில் இல்லை, அழைப்பில்தான் இருக்கிறது. முன்னது "சொல், செய்கிறேன்" என்றது. பின்னது "தொடு, காட்டுகிறேன்" என்கிறது.

என் இயற்பியல் வகுப்பில் போன் வைத்திருப்போரைக் கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அதில் ஒரு வரி நிரலேனும் எழுதியவர் யார் என்றேன். ஒரு கையும் எழவில்லை. கருவி நம் கையில் இருக்கிறது. கட்டளை நம்மிடம் இல்லை.

இன்று மாலையே ஊசல் கணக்கை உங்கள் போனில் எழுதிப் பாருங்கள். 2.01 என்று விடை வரும் அந்தக் கணத்தில்தான் அது உங்கள் கணிப்பொறி ஆகும்.