நடுவில் நுழைந்து பார்த்த படம்

அமிர்தகழிக்காரருக்கு ஆடி அமாவாசை என்றால் மாமாங்கத் தீர்த்தம். கப்பலேறி மதராசுக்குப் போய்வந்த அந்தக்கால ஆட்களுக்கு இன்னொரு தீர்த்தமும் உண்டு: மவுண்ட் ரோட் சஃபையர். தலைமன்னாரில் ஏறினால் மறுகரை இராமேஸ்வரம், பிறகு ரயில். பட்டுச்சேலை வாங்கப் போனதாகத்தான் வீட்டில் சொல்வார்கள்.

1964இல் திறந்த அந்த வளாகத்தில் சஃபையர், எமரால்ட், புளூ டயமண்ட் என்று ஒரே கூரையின் கீழ் மூன்று அரங்குகள். 'மல்டிபிளெக்ஸ்' என்ற பேச்சே நம்மிடம் இல்லாத காலம். சஃபையரில் 70 எம்.எம். பெருந்திரை; ஆங்கிலப் படங்களுக்கு அதுதான் பேர்போன இடம்.

எனக்கென்னவோ புளூ டயமண்டின் ஏற்பாடுதான் பிடிக்கும். காலையிலிருந்து இரவுவரை ஒரே படம் இடைவிடாமல் ஓடும். எந்நேரமும் டிக்கெட் எடுத்து நுழையலாம், எழுப்பிவிட ஆளில்லை. கண் இருட்டுக்குப் பழகுமுன் டார்ச் வெளிச்சம் காலடியில் விழும், அதைப் பிடித்துக்கொண்டே இருக்கையைத் தேட வேண்டும். திரையில் கொலை முடிந்து விசாரணை நடக்கும். முடிவைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தபடியே அடுத்த ஆட்டத்தில் தொடக்கத்தைப் பார்ப்பது. கொலைகாரன் யாரென்று தெரிந்தபின் அவன் முதன்முதலாகச் சிரிக்கும் காட்சி தனி ருசி! சித்திரை வெயிலுக்கு ஏசியில் தூங்க வந்தவர்களும் உண்டு. அவர்களையும் ரசிகர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

1990களில் மூடினார்கள். நிலத்தை அ.தி.மு.க. வாங்கியது. கட்டடம் இடிக்கப்பட்டு, வெறும் மனையாகிப் பல வருடம் கிடந்தபோதும் பஸ்காரர்கள் அந்த நிறுத்தத்தை 'சஃபையர்' என்றே கூப்பிட்டார்கள்.