வலிப்பின் நடுவே ஒற்றை நரம்பணு

வலிப்பு வந்தால் மூளைச் செல்கள் அத்தனையும் ஒருசேர வெறிகொண்டு துடிக்கும் என்றே பலரும் எண்ணுகிறோம். தலைமீது மின்முனை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. பதிவும் அந்த எண்ணத்தையே தரும். ஆனால் நரம்பணுக்களைத் தனித்தனியே அணுகியவர்கள் கண்டது வேறு: ஒன்று துடிக்கிறது, ஒன்று அடங்குகிறது, ஒன்று தன் போக்கிலேயே இருக்கிறது. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் வலிப்புக்கும் அடிக்கடி ஊற்றாவதால், இந்த ஆய்வு மரபின் கிளைகள் பலவும் அங்கே வளர்ந்தன.

முதல் கிளை செல்லுக்குள் புகுந்தது. எரிக் காண்டெலும் ஆல்டன் ஸ்பென்சரும் பூனையின் ஹிப்போகாம்பஸ் செல்லுக்குள் நுண்கண்ணாடி மின்முனையைச் செலுத்தி எடுத்த பதிவுகளை 1961இல் வெளியிட்டனர். 1964இல் மட்சுமோட்டோவும் அஜ்மோன் மார்சனும் பூனையின் மூளைப் புறணியில் வலிப்பைத் தூண்டப் பென்சிலின் இட்டுப் பார்த்தார்கள். செல்லின் மின்னழுத்தம் திடீரென எழும்பியது. அந்த மேட்டின்மேல் துடிப்புகள் கொத்தாக வெடித்தன. பின்பு செல் ஒடுங்கியது.

இரண்டாவது கிளை, மூளையை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சீவலாக்கி உயிர்க்காற்றூட்டிய நீர்மத்தில் வைத்து ஆராய்ந்தது. 1983இல் ரிச்சர்ட் மைல்ஸும் ராபர்ட் வோங்கும், செல்களை அடக்கிவைக்கும் தடுப்பு விசையை மருந்தால் நீக்கிய ஹிப்போகாம்பஸ் சீவலில், சிஏ3 எனப்படும் பகுதியில் ஒரே ஒரு செல்லைத் தூண்டினார்கள். சற்றுத் தாமதித்து, செல்கூட்டமே சேர்ந்து துடித்தது. அங்குள்ள செல்கள் ஒன்றையொன்று கிளர்த்தும்படி பின்னிக் கிடப்பதே காரணம்.

மூன்றாவது கிளை மனிதரிடம் கற்றது. அறுவை சிகிச்சைக்காக ஆழ்மின்முனை பொருத்தப்பட்ட நோயாளிகளிடம், லாஸ் ஏஞ்சலஸில் தாமஸ் பாப்பும் பால் கிராண்டலும் நுண்கம்பிகள் வழியே தனிச்செல் துடிப்புகளைப் பதிந்தனர். வலிப்பின்போது வேகம் கூட்டிய செல்கள் சிறுபான்மையே என்று தெரிந்தது.

கிளை எதுவானாலும் தரத்தை உரைத்துப் பார்க்க மூன்று கேள்விகள் உண்டு. முதலாவது, பதிவானது உண்மையில் ஒரே செல்தானா? வலிப்பின் உச்சத்தில் துடிப்பின் வடிவமே மாறுகிறது; அண்டைச் செல்களின் துடிப்புகளும் அதன்மேல் படிகின்றன. அந்த நேரத்திலும் அதே செல்லைத்தான் பின்தொடர்கிறோம் என்று நிறுவாத முடிவை ஏற்கக் கூடாது.

இரண்டாவது, ஒரு செல் ஏன் மௌனமானது? உறங்குபவரும் மயங்கி விழுந்தவரும் பேசுவதில்லை. இரண்டும் ஒரே மௌனமல்ல. தடுப்பு விசையால் அடங்கிய செல் உண்டு. மின்னழுத்தம் மிதமிஞ்சி ஏறியதால் துடிக்கவே முடியாமல் போன செல்லும் உண்டு. 2006இல் வெளிவந்த எலிச் சீவல் ஆய்வொன்றில், பிறரை அடக்கவேண்டிய இடைநரம்பணுக்கள் முதலில் கடுமையாகத் துடித்து, பிறகு இப்படித்தான் முடங்கின. அந்த இடைவெளியில், பிறவற்றைக் கிளர்த்தும் பிரமிடுச் செல்கள் பொங்கியெழுந்தன.

மூன்றாவது, சீவலில் கண்டது உயிருள்ள மூளைக்கும் பொருந்துமா? 2013இல் ஐவன் ஷோல்டெஸ் குழுவினர் இதற்கு நல்லதொரு சான்று தந்தனர். வலிப்பு தொடங்கியதும் ஹிப்போகாம்பஸில் குறிப்பிட்ட வகைச் செல்களை மட்டும் ஒளியால் இயக்கியோ அடக்கியோ, உயிருள்ள எலிகளின் வலிப்பைச் சுருக்கிக் காட்டினார்கள்.

இன்றைய மாத்திரைகள் மூளை முழுவதையும் தொடுகின்றன. அவற்றுக்கு வசப்படாத வலிப்போடு ஏறத்தாழ மூன்றில் ஒரு நோயாளி வாழ்கிறார். எந்தச் செல்லை, எந்தக் கணத்தில் தொடவேண்டும் என்று சொல்லும் ஆய்வே அவர்களுக்கு உதவும். ஆகவே சராசரியோடு நிறைவடையாமல், ஒவ்வொரு செல்லுக்கும் கணக்குக் கேட்கும் கண்டிப்பை இந்த மரபு என்றும் கைவிடக் கூடாது.